வட்டின் அடையாள எழுத்துகள்

பழைய கணிப்பொறி வட்டுகளைப் பேணுவதென்பது அவற்றிலுள்ள செய்திகளைப் படியெடுத்து வைப்பது மட்டுமன்று. வட்டு தன்னைப்பற்றிப் பொறிக்கு அறிவிக்கும் குறிப்பும் பேணப்படவேண்டும். அமெரிக்கக் கம்பெனியான கமோடோர் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட கமோடோர் 64 கணிப்பொறியும், அதற்கென அமைந்த 1541 வட்டு இயக்கியும் இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றன.

வட்டின் அமைப்பு

இவ்வியக்கி 5¼ அங்குல பிளாப்பி வட்டின் ஒரு பக்கத்தில் 35 தடங்களைப் பயன்படுத்துகிறது. நீளம் மிகுந்த வெளித்தடங்களில் 21 பிரிவுகள் உள்ளன. உள்ளே செல்லச் செல்ல இத்தொகை 17 வரை குறைகிறது. ஆகப் பிரிவுகள் 683. ஒவ்வொன்றும் 256 பைட் செய்தியைக் கொள்ளும்.

ஒவ்வொரு பிரிவின் முன்னும் 8 பைட் கொண்ட தலைப்பு ஒன்று உண்டு. அதில் சரிபார்ப்பு எண், பிரிவு எண், தட எண் ஆகியவற்றுடன், வட்டைப் புதிதாக அமைக்கும்போது பயனாளர் அளித்த இரண்டு அடையாள எழுத்துகளும் பதிவாகின்றன. வட்டு மாற்றப்பட்டதா என்பதை இவ்வெழுத்துகளைக் கொண்டே இயக்கி தெளிகிறது. இரு வட்டுகளுக்கு ஒரே அடையாளம் இருப்பின் இயக்கி ஏமாறக்கூடும். அப்போது, முதல் வட்டில் காலியாயிருந்த இடத்தை நினைவிற்கொண்டு, இரண்டாம் வட்டின் அதே இடத்திலுள்ள கோப்பின்மீது எழுதிவிடும் அபாயம் உண்டு.

குறியீட்டு முறை

அடையாளம் "01" என்க. இவ்வெழுத்துகளின் எண்கள் 48, 49. பதினெட்டாம் தடத்தின் 0 பிரிவுக்குச் சரிபார்ப்பு எண் 19 ஆகும். பிரிவு, தடம், இரு எழுத்துகள் ஆகிய நான்கு எண்களையும் இரும எண்களாக்கி, ஒவ்வொரு நிலையிலும் 1-களின் தொகை ஒற்றைப்படையாயின் 1 என்றும், அன்றேல் 0 என்றும் இட்டால் இவ்வெண் கிடைக்கும்.

பின்னர் ஒவ்வொரு நான்கு பிட்டும் ஐந்து பிட்டாக மாற்றப்படும். உதாரணமாக, 48 என்பது 0011 0000. அது வட்டில் 10011 01010 எனப் பதிவாகும். 8 பைட் தலைப்பு இவ்வாறு 10 பைட் ஆகிறது. 0 தொடர்ந்து மிகுந்தால் இயக்கி காலக்கணக்கை இழக்கும். 1 தொடர்ந்து பத்து முறையோ அதற்கு மேலோ வந்தால் அதனைப் பிரிவின் தொடக்கக்குறியாகக் கொள்ளும். இவ்விரண்டையும் தவிர்க்கவே இம்மாற்றம்.

எமுலேட்டரின் பணி

பழைய பொறியைப்போல் நடக்கும் மென்பொருள் எமுலேட்டர் எனப்படும். அதற்கென வழங்கும் டி64 கோப்பு 683 பிரிவுகளின் செய்தியை மட்டும் 1,74,848 பைட்டில் அடக்குகிறது; தலைப்புகள் அதில் இல்லை. ஆகவே எமுலேட்டர் அவற்றைப் புதிதாக இயற்றவேண்டும். பதினெட்டாம் தடத்தின் முதற்பிரிவில் அடையாளத்தின் பிரதி ஒன்று உள்ளது. அதனையே எடுத்து எல்லாத் தலைப்புகளிலும் பொறிக்கிறது.

இப்பிரதி மூலத் தலைப்புடன் எப்போதும் ஒத்திருக்கும் என்பதற்கில்லை. வேறொரு வட்டின் பிரிவுகளை அப்படியே படியெடுத்தால் பிரதி மாறும், தலைப்புகள் மாறா. திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காகத் தலைப்பைச் சோதிக்கும் நிரல்கள் இத்தகைய கோப்பிலிருந்து இயங்க மறுக்கலாம்.

ஆதலால் அரிய வட்டுகளைப் படியெடுப்போர், தடத்தின் பிட்டுகளை உள்ளவாறே கொள்ளும் ஜி64 போன்ற கோப்பு வகையைக் கையாளுதல் நலம். மூலவட்டின் காந்தப் பதிவு நாளடைவில் மங்கும். அதன்பின் விடுபட்ட இரண்டு எழுத்துகளை மீட்க வழியிராது.