கடைசி மணிக்கு முன்னால்

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தைத் தாண்டி எதுவும் கிடைப்பதில்லை என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. கலைத் திருவிழா, வினாடி வினா, துளிர் திறனறிதல் தேர்வு, குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஏகப்பட்டவை வந்துவிட்டன. ஆனால் முக்கால்வாசி ஏற்பாடுகள் பிள்ளையைச் சலித்தெடுத்த பிறகுதான் உள்ளே விடுகின்றன. தூரிகையைத் தொட்டே பார்க்காத பிள்ளை ஓவியப் போட்டிக்கு எப்படிப் பெயர் கொடுக்கும்?

என்.எம்.எம்.எஸ். தேர்வையே எடுத்துக்கொள்வோம். ஏழை வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்று 2008-இல் வந்த உதவித்தொகை அது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது பெரிய தொகை. குறை சொல்ல ஏதுமில்லை. தமிழ்நாட்டுக்கு உள்ள இடங்கள் 6,695. இடம் குறைவென்பதால், பல பள்ளிகளில் 'தேறக்கூடிய' பிள்ளைகளை மட்டும் பிரித்து, காலையும் மாலையும் உட்கார வைக்கிறார்கள். எண் தொடர், கண்ணாடி பிம்பம், கடிகாரக் கணக்கு என எந்தப் பிள்ளையும் ஆசையாகப் போட்டுப் பார்க்கும் புதிர்கள்தான் அங்கே நடக்கின்றன. கடைசி பெஞ்சுக்கு அந்தப் புதிர்கூடக் கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தேறியவர்களின் படம் போட்டு வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பதோடு அந்த ஆண்டுக் கணக்கு முடிகிறது.

போட்டி இல்லாவிட்டால் திறமை வெளியே வராது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் போட்டி வெளிக்கொண்டு வருவது ஏற்கெனவே பழகிய கையை. பழக ஓர் இடம் வேண்டும். அந்த இடம் கடைசி மணி அடிப்பதற்குள் இருக்க வேண்டும். 5 முதல் 16 வயது வரையுள்ளோருக்கு ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டும் பரதமும் ஓவியமும் சொல்லித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்துப் பிள்ளை அங்கே போக பஸ் வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் ஒரு நாள் கூலியும் போகும். பெண் பிள்ளையென்றால் நிலைமை இன்னும் மோசம். ஏழாவது, எட்டாவது படிக்கையில் வயதுக்கு வருகிறாள். சடங்கு முடிந்த கையோடு பல வீடுகளில் 'பள்ளிக்கூடம் விட்டா நேரா வீடு' என்று சட்டம் வந்துவிடும். மாலை வகுப்பு, சனிக்கிழமைப் பயிற்சி, வெளியூர்ப் போட்டி எல்லாம் அத்தோடு சரி. யாரிடமும் அனுமதி கேட்காமல் அவளுக்குக் கிடைப்பது பள்ளி நேரம் ஒன்றுதான்.

அதனால்தான் பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனைகளைச் செய்து காட்ட 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் மேலானது. 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், வகுப்பு நேரத்திலேயே. வினிகர் ஊற்றிய பாட்டிலின் வாயில், சமையல் சோடா போட்ட பலூனை மாட்டி நிமிர்த்துகிறார்கள். சோடா உள்ளே கொட்டி, நுரை பொங்கி, பலூன் உப்புகிறது. ஊதாமலே எப்படி உப்பியது என்று கேட்க மதிப்பெண் தேவையில்லை. ஆனால் இதைச் செய்து காட்டுபவர்கள் எப்போதாவது வந்து போகிறவர்கள். மற்ற நாட்களுக்கு என்ன வழி?

வழி கால அட்டவணையிலேயே இருக்கிறது. 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பிரிவில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் 16,000-க்கும் அதிகமானோர், வாரத்துக்கு மூன்று அரை நாட்கள் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பீரியட்டுகள்தான் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோகின்றன. கணக்கு வாத்தியார் கேட்பார், ஓவிய ஆசிரியர் கொடுப்பார். அரை நாள் ஆளால் மறுக்க முடியுமா? எட்டாவது வந்தும் கழித்தல் தெரியாத பிள்ளைக்கு ஓவியம் எதற்கு என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் வாரம் ஆறு பீரியட்டில் ஏறாத கழித்தல், அதே மாதிரி நடத்தும் ஏழாவது பீரியட்டில் எப்படி ஏறும்? அட்டை வெட்டிப் பெட்டி செய்கிற பிள்ளை, இருபது சென்டிமீட்டரில் ஏழு போனால் மீதி எவ்வளவு என்று தானாகவே கேட்கும். எனவே புதிய திருவிழாவுக்கு முன், ஓவியப் பீரியட்டை அந்த வாரம் யார் எடுத்தார், என்ன நடந்தது என்று ஒவ்வொரு பள்ளியிலும் பதிவேட்டில் ஒரு வரி எழுதட்டும். வண்ணமும் தூரிகையும் வாங்கும் பணம் மார்ச் மாதக் கணக்கு முடிக்க வராமல், ஜூனிலேயே வரட்டும்.