ரிசார்ட் தீவா, ஊர்த் தீவா? பணம் கட்டும் முன் கேளுங்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கமிருந்து கல்யாணம் முடிந்த கையோடு மாலத்தீவு போகிற ஜோடிகள் பெருகிவிட்டார்கள். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினால், சென்னைக்கு ரயிலில் போகும் நேரத்துக்குள் மாலே போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பி வருகிறவர்கள் சொல்லும் புகார்கள்தான் மாறுவதே இல்லை. ‘பீச் ரிசார்ட் என்று பணம் வாங்கிவிட்டுக் கெஸ்ட் ஹவுஸில் கொண்டுபோய் விட்டார்கள்.’ ‘நீச்சல் உடையில் கரையில் நடந்ததற்குப் போலீஸ் தடுத்தது.’ ‘டூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலைச் சுங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள்.’ எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். கிளம்பும் முன் இவர்கள் கேட்கவில்லை, காசு வாங்கிய டிராவல்ஸ்காரரும் சொல்லவில்லை.

மாலத்தீவின் அரச மதம் இஸ்லாம். அங்கே தீவுகள் இரண்டு வகை. 1972-ல் குரும்பாவில் தொடங்கிய ரிசார்ட் தீவுகள் சுற்றுலாவுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அங்கே மது கிடைக்கும், நீச்சல் உடைக்குத் தடையில்லை. மாஃபுஷி, ஹுல்ஹுமாலே போன்றவை மக்கள் குடியிருக்கும் ஊர்த் தீவுகள். கெஸ்ட் ஹவுஸ்கள் இங்கேதான் இருக்கின்றன. இங்கே மது கூடாது. நீச்சல் உடை, அதற்கென்று ஒதுக்கிய கரை இருந்தால் அங்கே மட்டும்தான். அந்த ஊர்ப் பெண்கள் முழு உடையோடுதான் கடலில் குளிக்கிறார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் நம் வீட்டுப் பெண்கள் குளிப்பதும் அப்படித்தானே? சுடிதாரோடு இறங்கினால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

சிக்கல் வருவது ஒருநாள் உலாவில். ஊர்த் தீவில் மலிவாகத் தங்கி, ‘டே பாஸ்’ எடுத்து ரிசார்ட்டுக்குப் போய், சாயங்காலம் படகில் திரும்புவார்கள். காலையில் ஒரு சட்டம், மாலையில் வேறு சட்டம். ரிசார்ட்டிலிருந்து மதுவை ஊர்த் தீவுக்குக் கொண்டுவருவது குற்றம். பாதி குடித்த பாட்டிலும் குற்றம்தான். போதையில் தெருவில் நடக்காதீர்கள், கணவன் மனைவியே ஆனாலும் பொது இடத்தில் கட்டியணைக்காதீர்கள். அந்நாட்டின் பெரிய சிறைச்சாலை இருப்பதும் அதே மாஃபுஷி தீவில்தான். அரசுப் படகுகள் வெள்ளிக்கிழமை பொதுவாக ஓடாது என்பதால் உலாவை அன்றைக்கு வைக்காதீர்கள். ரமலான் மாதத்துப் பகலில் ஊர்த் தீவின் தெருவில் சாப்பிடுவதையும் குடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

தாமிரபரணியில் நீச்சல் பழகியவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஆற்று நீச்சல் வேறு, பவளப்பாறைக் கடலின் இழுப்பு வேறு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள், தனியாக இறங்கவே இறங்காதீர்கள். பெரிய மருத்துவமனைகள் மாலேயில்தான். அங்கே போக ஸ்பீட் போட் அல்லது கடல் விமானம் பிடிக்க வேண்டும். மருத்துவச் செலவையும் அவசர இடமாற்றத்தையும் சேர்த்த பயணக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை: மது, பன்றி இறைச்சிப் பண்டங்கள், வழிபாட்டுச் சிலைகள். ஆசையாக எடுத்துப்போகும் சின்னப் பிள்ளையார் சிலையும் இதில் சேரும். 2024 நவம்பர் முதல் மின்சிகரெட் கொண்டுவரத் தடை. மதுவைச் சுங்கத்தில் எடுத்துக்கொண்டால் சண்டை போடாதீர்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், திரும்பும்போது அதைக் காட்டிக் கேட்கலாம். தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்றால் டாக்டர் சீட்டும் பிரிக்காத அட்டையும் கையில் இருக்கட்டும். மாலத்தீவுக்குப் பதில் துபாய்க் கடற்கரைக்குப் போகிறவர்கள் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். அங்கே கரையில் இருக்கும் அந்நியரை அனுமதியின்றிப் படம் எடுப்பதும் குற்றம்.

பக்கத்து வீட்டுக்காரர், ‘அங்கே என் மச்சானிடம் கொடுத்துவிடுங்க’ என்று நீட்டும் பொட்டலத்தை வாங்காதீர்கள். அல்வாவே ஆனாலும் நீங்களே கடையில் வாங்கி நீங்களே கட்டுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் மாட்டப்போவது நீங்கள்தான்.

இனி காகிதங்கள். மாலத்தீவில் சுற்றுலா விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு வேண்டும். ‘இமுகா’ பயணி அறிவிப்பை விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம். மாலத்தீவு குடிவரவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். காசு கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

டிராவல்ஸில் பணம் கட்டும் முன் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: தீவின் பெயர், அது எந்த வகை, படகுக் கட்டணம் யார் பொறுப்பு, டே பாஸ் படகு திரும்பும் நேரம். ‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்’ என்ற வாய்ச்சொல் எங்கேயும் செல்லாது. ஏமாந்துவிட்டால் பில், வாட்ஸ்அப் செய்திகள், அறையின் படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, டிராவல்ஸ் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. ‘அலையணுமே’ என்று விட்டுவிடுகிறவர்களால்தான் அதே ஆள் அடுத்த ஜோடியையும் ஏமாற்றுகிறார்.

பாஸ்போர்ட் தொலைந்தால் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் பதிந்து அதன் நகலை வாங்குங்கள். அதோடு பாஸ்போர்ட் நகல், புகைப்படங்களுடன் மாலேயிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்ப ‘எமர்ஜென்சி சர்டிபிகேட்’ தருவார்கள். வந்த பிறகு திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் புதியதற்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் காவல்துறை நகலைத் தொலைத்துவிட்டு இங்கே வந்து நிற்காதீர்கள்.

போலீஸ் பிடித்தால் வாக்குவாதம் வேண்டாம். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்’ என்று கேளுங்கள். 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு தரும் உரிமை அது. ஊரில் இருக்கும் உறவினர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தையும் அணுகலாம்.

பாஸ்போர்ட், டிக்கெட், காப்பீட்டு நகல்களையும் தூதரக எண்ணை எழுதிய ஒரு தாளையும் அப்பா அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அது ரிசார்ட் தீவா, ஊர்த் தீவா?’ பதிலை எழுதி வாங்குங்கள்.