வீட்டருகே ஒரு கடற்கரை

கிண்ணியாப் பெண்களுக்குக் கடல் புதிதல்ல. ஆனால், கரையில் சற்று நேரம் ஓய்வாக அமர்ந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்? யுத்த காலத்தில் கரை அச்சமூட்டியது. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, வைத்தியசாலையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதன்பின் பலர் கடற்கரைப் பக்கமே போவதில்லை.

2009இல் யுத்தம் முடிந்தது. அதே ஆண்டில் கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்டது. உல்லாசப் பயணிகள் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் செல்கிறார்கள். எமக்கோ கொட்டியாரக் குடாவின் அமைதியான கரை அருகிலேயே இருக்கிறது.

எமது குழுவில் கணவரை இழந்த ராத்தா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அஸருக்குப் பின் அவருடன் நான்கு பேர் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனோம். அன்று அவர் தூரத்திலேயே நின்றார். மூன்றாவது கிழமை தண்ணீரில் கால் நனைத்தார். "அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டி வாறன் தங்கச்சி" என்றார்.

சகோதரிகளே, துயரம் ஒரே நாளில் ஆறாது. யாரையும் அவசரப்படுத்தாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். கடல் திடீரென உள்வாங்கினால் உடனே மேட்டு நிலத்துக்குச் செல்லுங்கள். கடல் அமைதியான ஒரு மாலையில், பக்கத்து வீட்டுச் சகோதரியையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.