பழைய காருக்குப் பல் பார்ப்பது எப்படி?

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா, நேயர்களே? தரகர் என்னதான் வாய் ஓயாமல் புகழட்டும். வாங்க வந்தவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறந்தான் துண்டுக்கடியில் விரல்கள் விலை பேசும். அந்தப் பரம்பரையில் வந்த நாம், மாட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள பழைய மோட்டார் காரை வாங்கும்போது மட்டும் என்ன செய்கிறோம்? பெயிண்டின் பளபளப்பில் முகம் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு, அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்!

இப்படி வாங்கி வந்த ஒரு நண்பரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் சிப்காட் தொழிற்பேட்டை வரும். வரிசையாக இரசாயனத் தொழிற்சாலைகள், கிழக்கே உப்பனாறு, அதற்கும் அப்பால் கடல். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவர் நம் நண்பர். வயதான தாயாரை வைத்தியத்துக்காக அடிக்கடிப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அந்த அம்மாளைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு சின்னக் கார் இருந்தால் எவ்வளவு சௌகரியம்! சீட்டு எடுத்த பணம் 2 லட்சம். மனைவியின் நகையை அடகு வைத்தது 1 லட்சத்து 20 ஆயிரம். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு பழைய கார்க் கடைக்குப் போனார்.

கடைக்காரர் சிரித்த முகத்துடன் வரவேற்றார். "சார், இது ஒரு டாக்டர் ஓட்டின வண்டி. சிங்கிள் ஓனர். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனதோடு சரி. பி.ஒய். நம்பராச்சேன்னு யோசிக்காதீங்க. கடலூரில் எத்தனை பி.ஒய். வண்டி ஓடுது!"

அரை மணி நேரத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது.

நீந்தின வண்டி

இரண்டு மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. முதல் மழை வந்தது. ஒரு நாள் நள்ளிரவில், யாரும் தொடாமலே ஹாரன் அலற ஆரம்பித்தது. தெருவே எழுந்துவிட்டது. மறுநாள் கண்ணாடி தானாகக் கீழே இறங்கியது. அதற்கும் மறுநாள் வண்டி கிளம்ப மறுத்தது. மெக்கானிக் வந்து முன் சீட்டைக் கழற்றித் தூக்கினார். கம்பளத்துக்கு அடியில் காய்ந்த வண்டல் மண்!

"அண்ணே, இது ஓடின வண்டி இல்லை, நீந்தின வண்டி!" என்றார் மெக்கானிக்.

நம் ஊர்களில் வண்டி நீந்துவதற்குச் சந்தர்ப்பம் இல்லாமலில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அதற்கு முந்தைய மாதமே கடலூர் மாவட்டம் தத்தளித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைத் தெருக்களில் கார்களை மிதக்க வைத்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

இப்படி மூழ்கிய கார்களைப் பழுது பார்க்கும் செலவு அதிகமானால், இன்சூரன்ஸ் கம்பெனிகள் சொந்தக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுத்துத் தீர்த்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பது குற்றமல்ல. பழுது பார்த்து விற்பதும் குற்றமல்ல. தண்ணீரில் நின்றதை மறைத்து விற்பதுதான் மோசடி. இக்காலத்துக் காரில் இயந்திரத்தைவிடக் கம்பிகளும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் அதிகம். தண்ணீர் பட்ட இணைப்புகள் உடனே சாகமாட்டா. உள்ளுக்குள் பச்சைக் களிம்பு பூத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சாகும். உயிர் காக்க வேண்டிய காற்றுப் பை கூட வேண்டிய சமயத்தில் விரியாமற் போகலாம். இதில் பணம் மட்டுமா போகிறது?

நண்பர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அமைதியாக ரசீதை எடுத்துக் காட்டினார். அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது." டாக்டரைப் பற்றியும் சிங்கிள் ஓனரைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை கூட இல்லை!

எலுமிச்சம்பழக் கணக்கு

இது கடலூருக்கு மட்டும் உரிய விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மோசமான பழைய காருக்கு 'எலுமிச்சம்பழம்' என்று செல்லப் பெயர். ஜார்ஜ் அகர்லாப் என்ற பொருளாதார நிபுணர் 1970-இல் இந்த எலுமிச்சம்பழங்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். முதலில் மூன்று பத்திரிகைகள் அதை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டன. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அதற்குக் காரணமாக இருந்தது அந்தக் கட்டுரைதான்!

அவர் சொன்னது இதுதான். காரின் குற்றம் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் பயந்துகொண்டு நடுத்தர விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது; அவர் சந்தைக்கே வரமாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சம்பழங்களே. அதாவது, பொய் சொல்லும் கடைக்காரர் உங்களை மட்டும் கெடுக்கவில்லை. நாணயமாக வியாபாரம் செய்யும் பக்கத்துக் கடைக்காரரையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

பெல்ஜியம் நாட்டில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். 2006 முதல், பழைய கார் விற்கிறவர், அந்தக் கார் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று காட்டும் 'கார்-பாஸ்' என்ற சீட்டைக் கொடுத்தே தீர வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு சீட்டு கட்டாயமில்லை. ஆகையால் நம் பல் பரிசோதனையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியும் பற்கள்

காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்த என்ஜின் தன் நோயைச் சொல்லாது. நீங்களே கிளப்புங்கள். புகையில் நீலம் தெரிந்தால் என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம். வெண்புகை ஓயாமல் வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே துடைத்து வைப்பவர்கள் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைத் துடைப்பதில்லை. சேற்றுக் கறை அங்கே காத்திருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பில் துரு இருக்கிறதா, விளக்குகளுக்குள் நீராவி படிந்திருக்கிறதா, வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டும். பட்டி பூசி மெழுகிய இடத்தில் ஒட்டாமல் நழுவும். மீட்டர் 40,000 காட்டும்போது, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். டயரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். கடைக்காரர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம். சிப்காட் பக்கத்தில் கடற்காற்றில் நின்ற வண்டியானால், அதை லிப்டில் ஏற்றி அடிப்பாகத்தின் துருவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

காகிதத்தில் இருக்கும் பற்கள்

இவை இன்னும் கூர்மையானவை. பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால், பதிவான தேதி, எத்தனையாவது சொந்தக்காரர், இன்சூரன்ஸ் எதுவரை, பைனான்ஸ் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்ற சமாசாரமெல்லாம் தெரியும். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், தடையில்லாச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் பாக்கிப் பணம் கொடுக்கக் கூடாது. முந்தைய ஆள் கட்டாத தவணைக்கு உங்கள் வாசலில் நிற்கும் வண்டியைத் தூக்கிப் போவார்கள்!

புதுச்சேரி நம்பர் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வரி குறைவு என்பதால் அவற்றின் விலையும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டின் ஆயுள் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். நம் நண்பர் இந்தக் கூட்டலைப் போடவில்லை.

இன்சூரன்ஸையும் கவனியுங்கள். வண்டி கை மாறியதும், மூன்றாம் மனிதருக்கான பாதுகாப்பு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கே சேதம் வந்தால் கிடைக்கும் தொகை அப்படி வராது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கார் விற்கிறவர்களும் நிம்மதியாகத் தூங்க முடியாது. பஞ்சாப், ஹரியானா பக்கத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கு ஒன்று உண்டு. ஒருவர் காரை விற்றார், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவரும் விற்றார். ஆர்.சி.யில் மட்டும் முதல்வர் பெயரே இருந்தது. 2009-இல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, பதிவில் பெயர் உள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்றது. விற்றுப் பல கை மாறிய வண்டிக்கு முதல் மனிதர் பதில் சொல்லும்படி ஆயிற்று!

இந்தத் தொல்லைக்காகவே, 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய சர்க்கார் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பழைய வண்டி விற்கும் கடைக்காரர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். வண்டி கடைக்கு வந்ததும் பழைய சொந்தக்காரரும் கடைக்காரரும் அதைத் தெரியப்படுத்த வேண்டும். அது முதல் கடைக்காரரே சொந்தக்காரராகக் கருதப்படுவார். ஆகவே கடைக்குள் நுழைந்ததும், காரைக் கேட்பதற்கு முன்னால் அந்தச் சான்றைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

ஐந்து வரி போதும்

இத்தனையும் செய்தாலும், கண்ணுக்குத் தெரியாத குறை ஏதாவது இருக்கத்தான் செய்யும். அதற்கு ஒரே மருந்து, கடைக்காரர் வாயால் சொல்வதைக் கையால் எழுதச் சொல்வது.

நண்பரோடு அதே ஷிப்டில் வேலை பார்க்கும் ஒருவர், இந்தக் கதையைக் கேட்ட பிறகு வேறு கடையில் கார் வாங்கினார். கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஐந்து வரியாக எழுதி வாங்கிக்கொண்டார். வண்டி வெள்ளத்தில் நின்றதில்லை. பெரிய விபத்தில் அடிபட்டதில்லை. மீட்டரில் உள்ள 38,000 கிலோமீட்டர் உண்மையானது. கடன் பாக்கியோ அபராதப் பாக்கியோ இல்லை. 30 நாட்களுக்குள் ஆர்.சி. பெயர் மாற்றித் தரப்படும். கீழே தேதி, கையெழுத்து, கடை முத்திரை. ஒரு மாதம் கழித்துக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவைப் பார்த்தால், இரண்டு வருஷத்துக்கு முன்பே 71,000! காகிதத்தோடு கடைக்குப் போனார். அன்று மாலையே முழுப் பணமும் திரும்பி வந்தது.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் அந்த ஐந்து வரிதான். வாங்குகிறவன் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ஏற்றுக்கொண்ட பழைய கொள்கை. 'உள்ளது உள்ளபடி' என்ற வார்த்தை பொய்யையும் மறைப்பையும் மன்னித்துவிடாது என்பது வாஸ்தவமே. ஆனால் பொய் சொன்னார் என்று காட்ட வேண்டுமே! காட்டுவதற்குக் காகிதம் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கார் எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

நம் நண்பரின் கார் இப்போது வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது. நகை இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. தாயார் மறுபடியும் பஸ்ஸில்தான் ஜிப்மருக்குப் போய் வருகிறார். அந்த அம்மாள் மகனைத் திட்டவில்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"உங்கப்பா முந்நூறு ரூபாய் மாட்டுக்கு மூணு சந்தை அலைஞ்சாருடா. நீ மூணு லட்ச ரூபாய் வண்டியை அரை மணி நேரந்தான் பார்த்தியா?"