வயதான காலத்தில் வாடகை வீடு

நீங்கள் சுங்காய்க்குப் போனதுண்டா? பீடோருக்கும் சிலிம் ரீவருக்கும் நடுவே, பழைய பெருஞ்சாலையை ஒட்டிய சிறு பட்டணம். ஒரு ரயில் நிலையம், சில வரிசைக் கடைவீடுகள், சுற்றிலும் செம்பனை. இன்று செம்பனை நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் ரப்பர் நின்றது. அந்த ரப்பரை நம்பி லயங்கள் இருந்தன. லயங்களில் வாழ்ந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்தீர்களா?

சிலர் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார்கள். சிலர் தாமானில் மலிவு வீடு வாங்கினார்கள். இன்னும் சிலர் கம்பத்து ஓரத்துப் பலகை வீட்டிலோ, கடைக்குப் பின்னால் உள்ள அறையிலோ மாத வாடகைக்கு இருக்கிறார்கள். இன்று நாம் பேசப்போவது இவர்களைப் பற்றித்தான்.

ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் எனக்கும் தெரிந்த பலரை ஒருவராக்கிச் சொல்கிறேன். வயது 72. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் கோலாலம்பூரில், அவனும் வாடகை வீட்டில்தான். பாட்டி மாதம் 350 ரிங்கிட் வாடகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். கொஞ்சம் தாமதமானாலும் முகம் சுளிக்க மாட்டார்.

திடீரென்று அந்த நல்ல மனிதர் கண்ணை மூடிவிடுகிறார். அவருடைய பிள்ளைகள் வந்து, "பாட்டி, வீட்டை விற்கப்போகிறோம். அடுத்த மாதம் காலி செய்து கொடுங்கள்" என்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாட்டி எங்கே போவார்?

வேலையோடு வந்த வீடு

இந்த நிலை எப்படி வந்தது? நம் மக்களுக்குத் தோட்டத்தில் வீடு கிடைத்தது உண்மைதான். வாடகை கிடையாது. குழாய்த் தண்ணீர், ஆயாக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் காலடியில் இருந்தன. ஆனால் அந்த வீடு வேலையோடு வந்தது. பெரட்டில் பெயர் உள்ளவரை வீடு உண்டு. பெயர் போனால் வீடும் போயிற்று. தோட்ட வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாகச் சொன்னது. ஆனாலும் அது தொழிலாளிக்குத் தங்குமிடம் தரும் சட்டமே தவிர, ஓய்வு பெற்றவருக்குச் சொந்த வீடு தரும் சட்டமல்ல.

1950களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினார்கள். பல குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறின. அந்தத் துயரத்தைப் பார்த்துத்தான் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்து பத்து வெள்ளியாகக் கட்டிய பணம் தோட்டங்களை வாங்கியது. சொந்த மண் இல்லாதவன் எந்நேரமும் கிளப்பப்படலாம் என்பதை அன்றே உணர்ந்த முயற்சி அது. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட முடியுமா? பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ச் சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன.

கையில் வந்த சேமநிதியோ நாட்கூலியில் சேர்ந்த சிறு தொகை. 55 வயதில் அது கைக்கு வந்ததும் மகள் கல்யாணம், மகன் மோட்டார் சைக்கிள், பழைய கடன் என்று கரைந்தது. குறை சொல்லவில்லை, அன்பர்களே. லயத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு, தலைக்கு மேல் உள்ள கூரைக்கும் ஒரு விலை உண்டு என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கணக்கைப் பாருங்கள்

வருமானமும் ஆதரவும் இல்லாத 60 வயதைக் கடந்தவருக்குச் சமூக நல இலாகா தரும் மாத உதவி, 2025 முதல் 600 ரிங்கிட். பாட்டிக்கு அது கிடைக்கிறது என்றே வைப்போம். வாடகை 350 போனால் மிச்சம் 250. அரிசி, மின்சாரம், தண்ணீர், மருத்துவமனைக்குப் போகும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

வேறு வீட்டுக்கு மாறலாமே என்பீர்கள். வழக்கப்படி இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாத வாடகையை முதலிலேயே வைக்க வேண்டும். அதே 350 ரிங்கிட் வீடு என்றாலும் 1,225 ரிங்கிட்! இரண்டு மாத உதவிப் பணத்துக்கும் மேல். அதோடு, "தனியாக இருக்கும் வயதானவரா? நோய் நொடி வந்தால் யார் பார்ப்பது?" என்று கதவைச் சாத்துபவர்களும் உண்டு.

இது சுங்காய் கதை மட்டுமல்ல. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்திய பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களைக் காத்து வந்தது. அந்தப் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பல்லாண்டு இருந்தவர்கள், வாடகை ஏறி வெளியேற நேர்ந்தது. அவர்களிலும் முதியோர் பலர்.

சட்டம் சொல்வது என்ன?

பயப்படுவதற்கு முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை, வாய்ப்பேச்சாக இருந்தாலும் சட்டப்படி செல்லும். எழுத்து இல்லை என்பதால் பாட்டி திருட்டுக் குடியேறி ஆகிவிடமாட்டார்.

வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால், வீட்டுக்காரர் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டைத் திரும்பப் பெற வேண்டும். 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், 7ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அவராகவே பூட்டை மாற்றுவதோ சாமான்களை வாசலில் தூக்கிப் போடுவதோ சட்ட வழியல்ல.

ஆனால் இன்னொன்றும் உண்டு. வீடு கைமாறினால், பழைய வாடகைப் பேச்சு புதிதாக வாங்கியவரைக் கட்டாது. நிலப்பட்டாவில் வாடகையைக் குறித்து வைத்திருந்தால்தான் கட்டும். இந்தக் குறிப்பை நில அலுவலகத்தில் செய்ய வேண்டும். சுங்காய் அடங்கிய பத்தாங் பாடாங் மாவட்டத்துக்கு அது தாப்பாவில். நம் பாட்டி தடுமாறியது இந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியவை

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்பவை அதில் இருக்கட்டும். இரண்டு மூன்று மாத அவகாசம் எழுதியிருந்தால், அடுத்த வீடு தேட அந்த மாதங்கள் உதவும். பிறகு அதற்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள்.

வாடகை கொடுக்கும்போதெல்லாம் ரசீது கேளுங்கள். கூச்சமாக இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள்.

காலி செய்யச் சொல்லி ஓலை வந்தால் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்கு எடுத்துச் செல்லுங்கள். சமூக நல இலாகாவுக்கும் அன்றே தெரிவியுங்கள். வீடு போன பிறகு போவதைவிட, போகும் முன் போவதே நல்லது.

உற்றார் உறவினரும் நிலையான இருப்பிடமும் இல்லாத, தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடிய முதியோருக்காக அரசாங்கம் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களை நடத்துகிறது. நம் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று உண்டு. அங்கே போவது அவமானமல்ல. ஆனால் பிள்ளைகள் இருக்கும் தாய்க்கு அது முதல் வழியாக இருக்கக்கூடாது.

இன்னும் வேலையில் இருக்கும் இளையோரே, உங்களுக்கும் ஒரு சொல். சம்பளம் வரும் காலத்தில்தான் வங்கி கடன் தரும். முதலாளி தரும் வீட்டில் இருக்கிறோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

வீட்டுக்காரர்களே, உங்கள் கஷ்டமும் தெரிகிறது. உங்களில் பலர் அந்த வாடகையை வைத்துத்தான் மருந்து வாங்குகிறீர்கள். விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். பல வருடம் ஒழுங்காக வாடகை கட்டிய ஒரு கிழவிக்கு மூன்று மாத அவகாசமும், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரும் நேர்மையும் காட்டினால் போதும்.

கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே! அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அம்மாவுக்குச் சேலை எடுத்து வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலையைக் கொடுத்துவிட்டு, "அம்மா, வாடகைப் பத்திரம் எங்கே?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், பலகாரத் தட்டோடு அன்றே வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். நல்ல நாளில் கேட்டால் யாரும் முகம் திருப்ப மாட்டார்கள்.