ஆறு தட்டு அடுக்கினா தானா பாடும்: ரெக்கார்டு சேஞ்சரின் கதை

ஹாஸ்டல் ரூம்ல பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். யார் போட்டது, இது எத்தனையாவது பாட்டு, யாருக்கும் தெரியாது. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வரும். இந்த 'தானா'வுக்கு என்ன வயசு இருக்கும்னு நினைக்கிறீங்க? கிட்டத்தட்ட நூறு. அதுவும் சிப் இல்லாம, சென்சார் இல்லாம, ஒரே ஒரு மோட்டாரை வச்சு, பல்சக்கரமும் லீவரும் மட்டும் செஞ்ச வேலை. மெக்கானிக்கல் பசங்க கவனமாப் படிங்க. தியரி ஆஃப் மெஷின்ஸ்ல நாம வரைஞ்சு தள்ளின கேம் ப்ரொஃபைல் எல்லாம் உண்மையிலேயே எங்க உழைச்சதுன்னு தெரியும்.

முதல்ல, இதுக்குத் தேவை ஏன் வந்ததுன்னு பார்ப்போம். அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டு, 10 அங்குலம்னா ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம். 12 அங்குலம்னா நாலு, நாலரை நிமிஷம். சினிமாப் பாட்டுக்கு அது போதும். பாட்டு கொஞ்சம் நீளமாப் போனா பாதியை அந்தப் பக்கத்தில போட்டுடுவாங்க. ஆனா பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி அரை மணி நேரத்துக்கு மேல ஓடும். அதைக் கேட்கணும்னா நாலு தட்டு, எட்டுப் பக்கம். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தட்டைத் திருப்பணும், ஊசியை வைக்கணும். இந்தத் தட்டுகளை போட்டோ ஆல்பம் மாதிரி ஒரு புத்தகத்துல உறை உறையாச் செருகி வித்தாங்க. 'ஆல்பம்'னு இன்னிக்கும் நாம சொல்றது அங்கிருந்து வந்ததுதான்.

1927ல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி தானே தட்டு மாத்தும் கிராமஃபோன் ஒண்ணைக் கொண்டுவந்தது. 12 தட்டு வச்சா முக்கால் மணி நேரம் பக்கத்துல போகவே வேண்டாம். பின்னாடி பல வருஷம், அமெரிக்காவிலயும் இங்கிலாந்திலயும் சாதாரண வீட்டில இருந்த ரெக்கார்டு ப்ளேயர்னா பெரும்பாலும் சேஞ்சர்தான். ஸ்விண்டனில் இருந்த காரார்டு, பர்மிங்ஹாம் பக்கத்து பி.எஸ்.ஆர்., ஜெர்மனியின் டுவல், இதெல்லாம் அந்தத் தொழிலின் பெரிய பேருங்க.

இப்ப உள்ளே போவோம். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

நடுவில இருக்கிற ஸ்பிண்டில் நேரா இருக்காது. மேல்பகுதி கொஞ்சம் வளைஞ்சு, ஒரு படி மாதிரி இருக்கும். ஆறு தட்டு அந்தப் படியில உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு கை அழுத்திப் பிடிச்சிருக்கும். தட்டை மாத்த வேண்டிய நேரம் வந்தா, ஒரு சின்ன துண்டு அடித்தட்டை மட்டும் பக்கவாட்டில தள்ளும். படியைத் தாண்டின அந்தத் தட்டு பொத்துனு கீழே விழும். மத்த அஞ்சும் வளைவுல மாட்டிக்கிட்டு நிக்கும். 'ஐயோ, தட்டு மேல தட்டு விழுந்தா கீறாதா?'னு கேட்பீங்க. ரெண்டு தட்டுக்கும் இடையில சிக்கின காற்று வெளியேற நேரம் எடுக்குது. அதுதான் மெத்தை.

அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியம். பாட்டு முடிஞ்சதுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தட்டிலயும் பாட்டு முடியும் இடம் வேற வேற. அதனால 'இந்த இடத்துக்கு வந்தா முடிஞ்சது'ன்னு ஒரு ஸ்விட்ச் வச்சா சரிவராது.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 33⅓ வேகத்தில 20 நிமிஷம்னா 667 சுற்று. அந்த நேரத்தில ஊசி வெளி விளிம்பிலிருந்து உள்ளே சுமார் 86 மில்லிமீட்டர் நகருது. அதாவது ஒரு சுற்றுக்கு 0.13 மில்லிமீட்டர்தான். பாட்டு முடிஞ்சதும் வர்ற வெற்றுப் பள்ளத்தில மட்டும் ஊசி ஒரே சுற்றுக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே பாயும். ஆக, பார்க்க வேண்டியது இடத்தை இல்லை, வேகத்தை.

பெரும்பாலான சேஞ்சர்ல அதைச் செய்தது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நெம்புத் துண்டு. ஊசிக்கை உள்ளே நகர நகர, உராய்வு மூலமா இந்தத் துண்டையும் கொஞ்சம் முன்னாடி தள்ளும். சுழலும் தட்டுமேடையின் அடியில ஒரு முட்டு இருக்கும். சுற்றுக்கு ஒரு தடவை அது வந்து துண்டை 'போடா'னு பின்னாடி தட்டி விடும். 0.13 மில்லிமீட்டர் தள்றது, பின்னாடி தட்டறது, தள்றது, தட்டறது. இப்படியே 20 நிமிஷம் ஓடும். வெற்றுப் பள்ளம் வந்ததும் துண்டு ஒரே தாவலா முன்னாடி வந்துடும். இப்ப முட்டு வந்தா அதைத் தட்டி விட முடியாது. அதில கொக்கி மாதிரி மாட்டி, பக்கத்தில இருக்கிற பெரிய கேம் சக்கரத்தை ஒரு இழுப்பு இழுத்துடும்.

அந்தக் கேம் சக்கரத்தில ஒரு இடத்தில மட்டும் பற்கள் கிடையாது. பாட்டு ஓடும்போது அந்த இடைவெளி மேடையின் பல்சக்கரத்துக்கு நேரா இருக்கும். அதனால மேடை சுத்தினாலும் கேம் சும்மா நிக்கும். ஒரு இழுப்பு கிடைச்சதும் பற்கள் சேர்ந்துக்கும், கேம் முழுசா ஒரு சுற்று சுத்தும். அந்த ஒரு சுற்றுக்குள்ள ஊசிக்கையைத் தூக்கணும், வெளியே கொண்டு போகணும், அடுத்த தட்டைத் தள்ளி விடணும், தட்டு 12 அங்குலமா 7 அங்குலமா பார்க்கணும், சரியான விளிம்புல கையை மெதுவா இறக்கணும். (அளவு பார்க்கிறதுக்கு சில மாடல்ல ஓரத்தில ஒரு லீவர் நீட்டிக்கிட்டு இருக்கும். பெரிய தட்டு விழுந்தா இடிக்கும், சின்னது விழுந்தா இடிக்காது. அவ்வளவுதான் சென்சார்.) சுற்று முடிஞ்சதும் பல் இல்லாத இடம் திரும்ப வந்துடும், கேம் தூங்கிடும். கடைசித் தட்டும் விழுந்துட்டா, மேலே அழுத்திப் பிடிச்ச கை தாழ்ந்துடும். அடுத்த சுழற்சியில மெஷின் தானே ஆஃப் ஆகிடும். எழுபது வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் இதை டிராயிங் போர்டுல வரைஞ்சிருக்கான்.

சரி, இவ்வளவு அழகான மெஷினைக் காது உள்ளவங்க ஏன் கைவிட்டாங்க?

பதில் அந்த அழகுக்குள்ளயேதான் இருக்கு. நெம்புத் துண்டைத் தள்றது ஊசிக்கைதான். ஊசிக்கையைத் தள்றது பள்ளத்தின் சுவர். அந்தச் சுவர் வினைல். ட்ரிப் மெக்கானிசம் கனமா இருந்தா ஊசியைக் கனமா அழுத்தணும். மலிவான சேஞ்சர்ல அஞ்சு கிராமுக்கு மேல அழுத்தம் சாதாரணம். ஒன்றரை, ரெண்டு கிராம்ல ஓட வேண்டிய ஊசிக்கு அது அதிகம், தட்டு சீக்கிரம் தேயும்.

அடுத்தது கோணம். ஒரு எல்.பி. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். முதல் தட்டு ஓடும்போதும் ஆறாவது ஓடும்போதும் உயரத்தில 10 மில்லிமீட்டர் வித்தியாசம். ஊசிக்கை நீளம் 200 மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க. கோணம் கிட்டத்தட்ட 3 டிகிரி மாறுது. தட்டை வெட்டின கோணத்துக்கும் படிக்கிற கோணத்துக்கும் பொருத்தம் போனா ஒலி திரியும். டுவல் கம்பெனிக்காரங்க 1229 மாடல்ல இதுக்கு ஒரு லீவரே வச்சாங்க. 'ஒண்ணு', 'பல'ன்னு தேர்ந்தெடுத்தா ஊசிக்கையின் அடிப்பகுதியே உயரும், தாழும். நேர்மையான தீர்வு. ஆனா அடுக்குக்கு நடுவில இருக்கிற ஒரு உயரத்துக்குத்தான் அது சரியா இருக்கும்.

போதாததுக்கு, தட்டு மேல தட்டு நிக்கும்போது மேல் தட்டை இழுக்கிறது கீழ் தட்டோட லேபிள் பகுதி மட்டும். சில சமயம் வழுக்கும், சுருதி ஆடும்.

இதையெல்லாம் விடப் பெரிய இழப்பா நான் நினைக்கிறது வேற. சேஞ்சருக்குத் தட்டை மாத்தத் தெரியும், திருப்பத் தெரியாது. ஆறு ஆல்பம் அடுக்கினா ஆறு ஆல்பத்தின் முதல் பக்கம்தான் கேட்பீங்க. 1948ல் கொலம்பியா எல்.பி.யைக் கொண்டுவந்தப்ப ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல இடம் கிடைச்சது. முதல் பக்கம் எதில முடியணும், திருப்பினதும் எது ஆரம்பிக்கணும்னு யோசிச்சு ஆல்பம் செஞ்சாங்க. அடுக்கில போட்டா அந்த வரிசையே போச்சு.

கம்பெனிகள் சும்மா இருக்கல. பெட்டி செட்டுக்கு ஒரு தந்திரம் கண்டுபிடிச்சாங்க. மூணு தட்டு இருந்தா 1-2, 3-4, 5-6னு அச்சடிக்காம, 1-6, 2-5, 3-4னு அச்சடிச்சாங்க. மூணையும் அடுக்கினா 1, 2, 3 ஓடும். அடுக்கை அப்படியே புரட்டி வச்சா 4, 5, 6. பேப்பர் எடுத்து வரைஞ்சு பாருங்க, கரெக்டா வரும். 1970ல் வந்த உட்ஸ்டாக் மூணு தட்டு ஆல்பம் இப்படித்தான். பழைய ரெக்கார்டு வாங்கும்போது ஒரே தட்டில 1ம் 4ம் இருந்தா அச்சுப்பிழைன்னு நினைச்சுடாதீங்க.

ஆர்.சி.ஏ. விக்டர் எதிர் வழியில போச்சு. 1949ல் ஒன்றரை அங்குல ஓட்டையோட 45 ஆர்.பி.எம். தட்டு. அந்தத் தடிமனான ஸ்பிண்டிலுக்குள்ளயே தட்டு விடும் கத்திகளை அடக்கிட்டாங்க. அதாவது சேஞ்சருக்காகவே பிறந்த தட்டு. ஆனா சிம்பொனிய அதில போட்டா திரும்பவும் சில நிமிஷத்துக்கு ஒரு வெட்டு. எவ்வளவு வேகமா மாத்தினாலும் வெட்டு வெட்டுதான். நீளமான இசை எல்.பி.க்குப் போச்சு, தனிப்பாட்டு 45க்கு.

1970களில் ஒலியில அக்கறை உள்ளவங்க ஒத்தைத் தட்டு டர்ன்டேபிளுக்கு மாறிட்டாங்க. 1972ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 மோட்டாரையே நேரா மேடையோட சேர்த்துச்சு. கையால வச்சு, கையாலயே எடுக்கணும். இதில ஒரு மேட்டிமையும் கலந்துச்சுன்னு ஒத்துக்கணும். 'சேஞ்சரா வச்சிருக்க?'ங்கிற ஏளனம். ஆனா படுக்கையில கிடக்கிற நோயாளிக்கு, கை வராத பாட்டிக்கு, இருபது பேருக்கு சமைக்கிற வீட்டுக்கு அந்த ஆறு தட்டு எவ்வளவு பெரிய உதவி? சேஞ்சரை மட்டமாப் பேசறதுல எனக்கு உடன்பாடு இல்லை.

1982ல் சிடி ப்ளேயர் வந்ததும் பழைய குற்றச்சாட்டு எல்லாம் செல்லாமப் போச்சு. லேசர் தட்டைத் தொடறதே இல்லை. கோணம் மாறாது, தேயாது. ஆறு சிடி செருகுற மேகசின், அஞ்சு சிடி சுத்துற தட்டு, கடைசியில சோனி 400 சிடி பிடிக்கிற பெட்டி கூடப் போட்டது. நம்ம ஊர்ல பல வீட்டில இருந்தது மூணு சிடி மினி ஹை-ஃபை. எங்க வீட்டிலயும் சித்தப்பா துபாயிலிருந்து கொண்டு வந்தது ஒண்ணு உண்டு. அதைக் கொன்னது ஒலித்தரம் இல்லை, எம்.பி.3. ஒரே 700 எம்.பி. சிடியில நூறு பாட்டுக்கு மேல அடங்கிட்டப்ப மூணு சிடி எதுக்கு?

போன செமஸ்டர் லீவுல அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாங்க. ட்ரே திறக்கல, உள்ளே மூணு சிடி மாட்டிக்கிட்டு இருந்துச்சு. கழட்டிப் பார்த்தா மோட்டாருக்கும் கியருக்கும் நடுவில இருந்த ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்குது. அவ்வளவுதான். அளவு பார்த்து வேற பெல்ட் போட்டு, கப்பியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சேன், திறந்துடுச்சு. இப்படிப்பட்ட பழைய சேஞ்சர்ல ட்ரே அடம் பிடிச்சா எலக்ட்ரானிக்ஸைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி பெல்ட்டைப் பாருங்க.

பழைய ரெக்கார்டு சேஞ்சர் கிடைச்சாலும் தாராளமா வாங்கலாம். ஊசிக்கை பாதியில நின்னுட்டா பெரும்பாலும் அது உடைசல் இல்லை, இறுகிப் போன கிரீஸ். பழசைச் சுரண்டி எடுத்துட்டு கேம் பாதையில புதுசு தடவுங்க. அந்த நெம்புத் துண்டுக்கு மட்டும் எண்ணெயே வேண்டாம், சுத்தமாத் துடைச்சுக் காய விடுங்க. எண்ணெய் பட்டா தூசி பிடிச்சு ஒட்டிக்கும், பாட்டு முடிஞ்சாலும் அதுக்குத் தெரியாது. நல்ல தட்டுன்னா ஒண்ணே ஒண்ணு வச்சுக் கேளுங்க, அடுக்கறதுக்குக் கீறல் விழுந்த பழசு போதும். வீட்டுக்குக் கொண்டு வந்ததும், ஓட விடறதுக்கு முன்னாடி, மேல்தகட்டில ரெண்டு ட்ரான்ஸிட் ஸ்க்ரூ இருக்கான்னு பார்த்துத் தளர்த்தி விடுங்க. ஸ்பிரிங் மேல மிதக்க வேண்டிய மெஷினை அதுதான் இறுக்கிப் பிடிச்சிருக்கும்.