ஓடையில் கிடைக்கும் கறுப்பு எலும்பு

வெள்ளம் வடிந்த ஓடைப் படுகையில் எலும்பு கிடைப்பது அதிசயமில்லை. கரையோரம் செத்த மாடு, நாய் இழுத்துவந்த ஆட்டுக்கால், கறிக்கடைக் கழிவு எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கின்றன. அதே வெள்ளம் கரையை அரித்து, பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த எலும்பையும் உருவி, அதே மணல்மேட்டில் போட்டுவிட்டுப் போகும். இரண்டும் உருண்டு தேய்ந்திருக்கும், இரண்டும் கறுத்திருக்கும். எது போன வருடத்தது, எது பனியுகக் காலத்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். மிக எளிதில் ஏமாற்றும் சான்றும் அதுதான்.

எலும்பு நுண்துளைகள் நிறைந்த பொருள். இரும்பும் மாங்கனீசும் கரைந்த நீரிலோ, இலைதழை மட்கிய சேற்றிலோ ஊறினால் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிக் கறுத்துவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓடும் பீஸ் ஆற்றில் மாமத யானையின் பல்லும் பண்ணை மாட்டின் எலும்பும் ஒரே கறுப்பில் கிடைக்கின்றன. மறுபக்கம், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் புதைந்த உண்மையான புதைபடிவம் வெளிறியே இருக்கலாம்.

நிறத்தை நம்பியதால் அறிவியல் உலகமே 41 ஆண்டுகள் தடுமாறிய கதை உண்டு. 1912 டிசம்பரில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள பில்ட்டவுன் என்ற ஊரின் சரளைக் குழியில் கிடைத்ததாக ஒரு மண்டையோட்டின் துண்டுகளும் கீழ்த்தாடையும் லண்டன் புவியியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டன. வைத்தவர்கள் வழக்கறிஞர் சார்லஸ் டாசனும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆர்தர் ஸ்மித் உட்வர்டும். குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட மூதாதை என்று கருதி அதற்கு அறிவியல் பெயரும் சூட்டினார்கள். பழைய சரளை, பழைய பழுப்பு நிறம், கூடவே வேறு பழங்கால விலங்குகளின் பற்கள். பலருக்கு அது போதுமானதாக இருந்தது.

1949-ல் ஆய்வாளர் கென்னத் ஓக்லி அந்த எலும்புகளில் ஃபுளோரின் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தார். புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரினை ஈர்த்துக்கொள்ளும். அதனால் ஒரே இடத்தில் கிடந்த எலும்புகளில் எது மூத்தது, எது இளையது என்று ஒப்பிடலாம். பில்ட்டவுன் எலும்புகளில் இருந்ததோ மிகச் சொற்பம். 1953-ல் கூடுதல் துல்லியத்தோடு மறுபடி சோதிக்கத் தாடையைத் துளையிட்டபோது கொம்பு கருகுவது போன்ற வாடை வந்தது. தூளாக உதிர வேண்டியது சீவலாக வந்தது. ஓக்லி, ஜோசப் வைனர், வில்பிரட் லெ கிராஸ் கிளார்க் மூவரும் அந்த ஆண்டே மோசடியை அம்பலப்படுத்தினார்கள். தாடை ஒராங்குட்டானுடையது. பற்களை அரத்தால் ராவியிருந்தார்கள். இரும்பு உப்பும் குரோமியச் சேர்மமும் கொண்டு நிறம் ஏற்றியிருந்தார்கள்.

அந்த வாடைக்குக் காரணம் கொலாஜன் என்ற புரதம். உயிருள்ள எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜனும் நீரும். விலங்கு செத்த பிறகு கொலாஜன் சிதையும். அது காலி செய்த இடத்திலும் எலும்பின் துளைகளிலும் நீரில் கரைந்து வரும் சிலிக்கா, சுண்ணாம்பு, இரும்பு போன்றவை படியும். எலும்பு கல்லாகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். புது எலும்பின் ஓரத்தில் நெருப்பு வைத்தால் முடி கருகும் வாடை வரும். நன்றாகக் கல்லான எலும்பில் வராது.

நெருப்புச் சோதனை பிரபலமானது. ஆனாலும், கிடைத்த பொருளின் மேலேயே அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தானாக உதிர்ந்த துணுக்கு இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தவிர, முடிவும் எப்போதும் நேராக வருவதில்லை. குளிர்ப் பிரதேசங்களில் பல்லாயிரம் ஆண்டுகள் பழைய எலும்பிலும் கொலாஜன் மிஞ்சியிருக்கும். நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் அது வெகு விரைவில் அழிந்துவிடும். வாடை வரவில்லை என்றால் புரதம் போய்விட்டது என்று மட்டுமே பொருள்.

எடையும் ஓசையும் இதைவிட நல்ல வழிகாட்டிகள். கனிமம் ஏறிய எலும்பு அதன் பருமனுக்குக் கையில் கனக்கும். கல்லில் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்கும். புது எலும்பு இலேசானது, மந்தமாக ஒலிக்கும். உலர்ந்த எலும்பு நாக்கில் ஒட்டும் என்பார்கள். அது எலும்பைக் கல்லிலிருந்து பிரித்தறிய உதவும். பழையதா புதியதா என்று சொல்லாது. சாக்கடை கலக்கும் ஓடைகளில் அதை முயலவே வேண்டாம்.

வெட்டுத் தடத்தைத் தேடுவது பலன் தரும். நல்லி எலும்பில் கறிக்கடைக் கத்தி விழுந்த சாய்வான வெட்டு, இயந்திர ரம்பம் அறுத்த தட்டையான முகம், கோடு கோடான தடம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது, விலங்கு எது என்பது. இலங்கையின் இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில், களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே பழைய ஆற்றுச் சரளை படிந்திருக்கிறது. கற்கள் கிடைப்பது அதில்தான். அதே சரளையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்களும் வெளிவந்தன; ஆய்வாளர் பி. இ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பதிவு செய்தார். இம்மூன்றும் இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. அங்கே ஒரு நீர்யானைப் பல் கிடைத்தால் அதன் பழமையைச் சொல்ல நெருப்போ தராசோ தேவையில்லை.

மாடு, எருமை, மான் என்றால்தான் சிக்கல். பல்லை வைத்து விலங்கை அறிவது எளிது; காலத்தை அறிவது கடினம், ஏனென்றால் பல்லின் எனாமல் தொடக்கத்திலேயே ஏறக்குறைய முழுக்கக் கனிமம்தான். இடைப்பட்ட காலத்து எலும்புகளும் உண்டு. வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் கிடைத்த மாடு, எருமை, ஆடு முதலியவற்றின் எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆய்ந்தார்கள். அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. புதைபடிவம் என்று பொதுவாக அழைக்கப்படுவது பத்தாயிரம் ஆண்டுகளைத் தாண்டியது. அந்தக் கணக்கில் கீழடி எலும்பு புதைபடிவம் ஆகாது, இன்றைய எலும்பும் ஆகாது. அப்படியொன்று கரையிலிருந்து பெயர்ந்து ஓடைக்குள் விழுந்துவிட்டால், கையில் வைத்துப் பார்த்து எவரும் அதன் வயதைச் சொல்லிவிட முடியாது.

எலும்பு எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. 1982 டிசம்பர் 5 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோரா கிராமத்தருகே, நர்மதைக் கரையில், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அருண் சோனகியா ஒரு மண்டையோட்டின் வலப்பாதியைக் கண்டார். அது தளர்ந்த மணலில் உருண்டு கிடக்கவில்லை. இறுகிய சரளை அடுக்குக்குள் கற்கருவிகளோடும் விலங்குப் புதைபடிவங்களோடும் பதிந்திருந்தது. பழங்கால மனித இனத்தின் எச்சம் என்று உடனே மதிக்கப்பட்டதற்கு அந்த இருப்பிடம் பெரிய காரணம். அப்படியிருந்தும் அதன் வயது இன்றுவரை விவாதத்தில்தான் இருக்கிறது. அந்தச் சரளையைக் கொண்டுவந்து சேர்த்ததும் ஆறுதான். அது வெவ்வேறு காலத்துப் பொருள்களை அன்றே கலந்துவிட்டது.

ஆகவே கரைச்சுவரில் எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, மேலும் கீழுமுள்ள அடுக்குகள் தெரியும்படி படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். படுகையில் உதிரியாகக் கிடந்தால், அடுத்த வெள்ளம் கொண்டுபோகும் முன் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். கழுவ மட்டும் கழுவாதீர்கள். மச்சைக் குழிக்குள் இறுகியிருக்கும் மண்ணைக் கரையின் அடுக்குகளோடு ஒப்பிட்டு, எலும்பு எந்த அடுக்கிலிருந்து பெயர்ந்து வந்தது என்று ஆய்வாளர்களால் சில வேளை கண்டுபிடிக்க முடிகிறது.